வடக்குத்து முகாமும் என் தங்கை போடாத மாத்திரையும்

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை நெய்வேலிப் பக்கம் வடக்குத்துக்குப் போனேன். என் தங்கை சரோஜா வீடு அங்கேதான். ஊரில் மாதாமாதம் நடக்கும் இலவச ரத்த அழுத்த முகாமை நிறுத்தப்போகிறார்கள் என்று போனில் அழுதாள். லேசில் அழுகிறவள் இல்லை.

காலை 7.10க்குப் பண்ருட்டியில் பேருந்து. இருபது கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய், ஐம்பது நிமிடம்.

"டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்கா பெரிசு?" என்றார் நடத்துநர்.

"நோவு வராம பாத்துக்கிற எடத்துக்குப் போறேன்."

"சில்லறைய குடுத்துட்டு எங்கனா போ."

சமுதாயக் கூடத்தில் முகாம். செவிலியர் கலைவாணி சரோஜாவின் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். நூற்றுத் தொண்ணூறு.

"போன மாசம் நூத்தி முப்பதுதானேம்மா? மாத்திரை போடலியா?"

"எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்குது, இங்க எதுக்கு முகாம்னு காசு குடுக்குறவங்க கேக்கறாங்களாமே! அதான் நாலு நாளா போடல. எங்க தெருவே போடாமத்தான் வந்துகினு இருக்குது."

கலைவாணி தலையில் கை வைத்தார். "எல்லாருக்கும் ஏறிப்போச்சுன்னு எழுதினா, முகாம் நடத்தியும் பிரயோஜனம் இல்லன்னு நிறுத்துவாங்கம்மா!"

சரோஜாவைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த அவள் புருஷனுக்கு, என் மச்சானுக்கு, அழுத்தம் இருந்ததே, அவர் பக்கவாதத்தில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. அப்போது முகாம் கிடையாது. வைத்தியத்துக்கு நிலம் போயிற்று. அந்தப் பணத்தில் அந்தத் தெரு முழுவதற்கும் பல வருடம் மாத்திரை வாங்கலாம். எட்டாவதோடு நின்றவன் நான், எனக்கே இந்தக் கணக்கு வருகிறது.

பணம் தரும் அறக்கட்டளையின் அலுவலர் அங்கேயே இருந்தார். மாதாமாதம் அழுத்தத்தைக் குறித்துத் தரும் சரோஜாவின் அட்டையை அவர் முன்னால் வைத்தேன்.

"இது மாத்திரையோட. இது மாத்திரை இல்லாம. நடுவுல இருக்குற அறுபதுதான் உங்க காசு செஞ்ச வேலை."

"இப்படி எழுத எங்க படிவத்துல எடமில்லைங்க ஐயா."

"அப்ப படிவத்த மாத்துங்க."

அரை மணி நேரம் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. மூன்று மாதம் நீட்டித்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

கலைவாணி சொன்னபடி சரோஜாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். நூற்றிருபது ரூபாய்.

"எம்மேல கோவமாண்ணே?"

"ஆமா. வாய மூடிக்கினு சாஞ்சி உக்காரு."

தோளில் சாய்ந்துகொண்டாள்.

முகாம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. எட்டரைக்கே போனால் வரிசை குறைவு. பழைய அட்டையை எடுத்துப்போங்கள். மாத்திரையைப் போட்டுவிட்டே போங்கள்.

இந்த மாதம் சரோஜாவுக்கு நூற்று முப்பத்திரண்டு. போனில் பயந்துகொண்டேதான் சொன்னாள். உடம்பு நன்றாக இருப்பதைச் சொல்ல ஒருத்தி பயப்பட வேண்டியிருக்கிறதே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.