எங்கடை தண்ணி

முப்பது வருடம் தண்ணீரோடு மல்லுக்கட்டியவன் நான். முதலில் தெற்கே ஒரு காரீயச் சுரங்கம், பிறகு சாம்பியாவில் செம்பு, கடைசியாக மேற்கு அவுஸ்திரேலியாவில் தங்கம். சுரங்கப் பொறியியலாளன் என்றால் நிலத்தைத் தோண்டுகிறவன் என்று ஊரில் நினைக்கிறார்கள். என் காலத்தில் பாதி, தோண்டிய குழிக்குள் ஊறும் தண்ணீரை வெளியேற்றுவதிலேயே போனது.

லீவில் பருத்தித்துறைக்கு வந்து இறங்கினால் தங்கச்சி முதலில் ஒரு செம்பை நீட்டுவாள். "குடியுங்கோ அண்ணை, எங்கடை தண்ணி." கடலுக்கு அவ்வளவு கிட்ட, அந்த ஒழுங்கை வீடுகளுக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு அவளுடையது ஒன்றுதான். தேத்தண்ணிக்கு அயல் முழுக்க அங்கேதான் அள்ளும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஓய்வு பெற்று ஒரேயடியாகத் திரும்பி வந்த ஆண்டு, "கிணறு இறைக்க வேணும், ஆக்களுக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் கிணறு இறைப்பது என்றால் கோடையில் ஒருமுறை தண்ணீரை வற்றவிட்டு, சேறு அள்ளி, திரும்ப ஊறவிடுவது. அவ்வளவுதான். என் காதில் அது சுரங்க வேலையாக விழுந்தது.

"நான் நிக்கேக்கை ஆக்கள் என்னத்துக்கு?" என்று சொல்லிப் பெரிய பம்பாகப் பார்த்து எடுத்து வந்தேன். தண்ணீர் வற்றி அடிக்கல் தெரிந்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. இன்னும் நாலடி போனால் எந்தக் கோடைக்கும் வற்றாது என்று கல்லை உடைப்பித்தேன். தங்கச்சி கிணற்றுக்கட்டில் நின்று இரண்டு தரம் "காணும் அண்ணை, இவ்வளவு ஆழம் போதும்" என்றாள்.

"எனக்குத் தெரியும், நீ பேசாமல் இரு."

ஊறி வந்தது உப்பு.

எங்கள் நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லியதாகக் கிடக்கிறது. ஆழம் போனால் உப்புத்தான். பள்ளிக்கூடத்திலேயே படித்த விஷயம். பிறகேன் தோண்டினேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அந்த நாலடியையும் கல்லும் சீமெந்தும் போட்டு அடைத்தேன். ஒரு மாரியும் வந்து போய்விட்டது. ஒருநாள் தண்ணீர் திருந்திவிட்டது போல இருக்கிறது, மறுநாள் இல்லை. என் நாக்கையே நம்ப முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஒழுங்கை முழுக்க வாளியோடு தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறிக்குக் காத்து நிற்கிறது, தங்கச்சியும் சேர்த்துத்தான். அவள் என்னை ஒரு சொல் ஏசவில்லை. ஏசினால் நிம்மதி.

நேற்று தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். நான் தொடாமல் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடியுங்கோ அண்ணை," என்றாள். "இது எங்கடை தண்ணி இல்லை."