உப்பும் தவிடும் பூசிய கன்று

நான் வேலை பார்க்கும் தேசியப் பூங்கா ஓர் ஆப்பிரிக்க நாட்டில் இருக்கிறது. உள்நாட்டுப் போரில் இரு தரப்புப் படைகளும் அங்கிருந்த எருமைகளையும் மான்களையும் சுட்டுத் தின்று தீர்த்துவிட்டன. இப்போது வேறு காடுகளிலிருந்து லாரியில் விலங்குகளைக் கொண்டுவந்து விடுகிறோம். ஊர் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதைவிட இது கௌரவமான வேலை என்று சொல்லிக்கொள்வேன். அம்மா நம்புவதில்லை.

போன விடுமுறையில் பூங்காக் காவலர் ஒருவரும் ஒரு பயிற்சிக்காகத் திருவனந்தபுரம் வந்திருந்தார். வட்டக்கோட்டையைக் காட்டலாம் என்று அவரை ஊருக்குக் கூட்டிவந்தேன். கோட்டைக்குப் போக வாய்க்கவில்லை. எங்கள் தொழுவத்தில் ஒரு பசு கன்றை ஈன்றுவிட்டு இறந்திருந்தது. சில நாட்களுக்கு முன் கன்றைப் பறிகொடுத்த இன்னொரு பசுவிடம் அந்தக் கன்றை விட்டால், முட்டித் தள்ளியது. புட்டிப்பாலைக் கன்று சீண்டவில்லை. இந்தப் பசு சேர்த்துக்கொள்ளாவிட்டால் அது பிழைக்காது.

அம்மா தவிட்டை உப்புத்தண்ணீரில் குழைத்துக் கன்றின் மேல் பூசினாள். படித்த கால்நடை மருத்துவன் நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவியள பின்னால நிக்காண்டாம்னு சொல்லு மக்கா, சவிட்டிரும்," என்றாள், பசுவின் பின்னங்காலருகே நின்ற காவலரைக் காட்டி.

காவலர் அதற்குள் உட்கார்ந்து தானும் பூச ஆரம்பித்திருந்தார். முகத்தில் சிரிப்பு. பூங்காவில் நாங்கள் செய்ததும் இதேதான். வேறுவேறு இடங்களிலிருந்து வந்த காட்டுநாய்களுக்கு மயக்க ஊசி போட்டு, ஒன்றோடொன்று உடம்பை உரசி, எல்லாவற்றுக்கும் ஒரே வாடை வரச் செய்தோம். விழித்தபோது அவை கடித்துக்கொள்ளவில்லை.

பசு முகர்ந்தது, தலையை உதறியது, பிறகு உப்புக்காக நக்கத் தொடங்கியது. கன்று மடியை முட்டியபோது காலைத் தூக்கியது. நாங்கள் மூச்சுவிடவில்லை. தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தது.

அம்மாவுக்கு ஏக சந்தோஷம். காவலரைப் பற்றி விசாரித்தாள். இளவயதில் இவரைப் படைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர்களுக்காக வேட்டையாடியவர் என்று சொன்னேன்.

"சண்ட முடிஞ்சு போனப்ப ஊருல சேத்துக்கிட்டாவளா? கேளு மக்கா."

கேட்டேன். அவர் கையில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டார்.

"ஊர் சேர்த்துக்கொண்டது. என் அம்மாதான் கதவைத் திறக்கவில்லை. அதனால் பூங்காவிலேயே தங்கிவிட்டேன்."

"என்ன சொல்லுதாவ?" என்றாள் அம்மா.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"சேத்துக்கிட்டாவளாம், அம்மா," என்றேன்.