கொடுக்காத தண்ணீர்

அறுபதுகளின் நடுப்பகுதி, கத்திரி வெயில் காலம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற பஸ், செஞ்சிக் கோட்டை மலைகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நடுரோட்டில் நின்றுவிட்டது. ரேடியேட்டர் கொதித்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. நானும் என்னோடு வேலை செய்த அக்காவும் அந்த பஸ்ஸில் இருந்தோம். அக்காவின் மடியில் ஒரு பிளாஸ்க்.

அந்த பிளாஸ்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஆராய்ச்சி மாணவிகள். உடம்பில் இருக்கிற புரதம் என்ன வடிவத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். முதலில் புரதத்தைக் கற்கண்டு மாதிரி படிகமாக வளர்க்க வேண்டும். பாதி நேரம் வளராது. வளர்ந்ததை எக்ஸ்ரேக்கு முன்னால் வைத்தால் பிலிமில் புள்ளி புள்ளியாக விழும். ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கறுப்பு என்று கண்ணால் பார்த்தே எண் போட வேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை இதேதான். கல்யாண வீட்டுக்குப் போனால்கூட எனக்கு வெள்ளைச் சுவரில் கறுப்புப் புள்ளி மிதக்கும். வீட்டில் கண் டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். காட்டி என்ன ஆகப்போகிறது, மறுநாளும் அதே பிலிம்தானே.

இதில் ஒரு சட்டம் வேறு. ஒரே பிலிமை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒத்துப்போனால்தான் அந்த எண் செல்லும். ஒருவருக்குச் சந்தேகம் என்றாலும் அந்தப் புள்ளியை விட்டுவிட வேண்டும். பேசிச் சமாதானம் செய்துகொள்ளக் கூடாது. எனக்கு வாய்த்த ஜோடி அக்கா. என்னைவிடச் சில வருடம் மூத்தவர், நல்ல மனுஷி, ஆனால் அவருக்கு எதிலும் சந்தேகம்தான். நான் கண் எரிய எரிய முடித்து வைத்ததைப் பார்த்து, குரலைக்கூட உயர்த்தாமல், "எனக்குச் சந்தேகமா இருக்கு" என்பார். அவ்வளவுதான், என் பாதி நாள் உழைப்பு போச்சு. மனசுக்குள் அவரைத் திட்டாத நாளில்லை.

பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் புதிய இயந்திரம் வந்திருந்தது. எங்கள் படிகங்களை அங்கே கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கிடைத்தது. அக்காவின் வீடு திண்டிவனம். அங்கே இரவு தங்கிவிட்டு, திருவண்ணாமலை வழியாகப் போவதாக ஏற்பாடு. பல மாதம் காத்திருந்து வளர்த்த படிகங்கள். வடிவத்தைக் கணக்கிடுவதற்காக அவற்றைப் பாதரச உப்புக் கரைசலில் ஊற வைத்திருந்தோம். அந்த உப்பு கடும் விஷம். படிகமும் கரைசலுமாகச் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, மெழுகு வைத்து மூடி, சூடு படாமலிருக்க பிளாஸ்க்கில் ஐஸ் தண்ணீருக்குள் நிறுத்தியிருந்தோம். வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரண பிளாஸ்க்தான். விஷம் என்று எழுதி ஒட்டினால் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்று ஒட்டவில்லை.

பஸ் நின்றதும் கண்டக்டர் எல்லோரிடமும் இருந்த தண்ணீரைக் கேட்டு வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினார். கூஜா, பாட்டில் எல்லாம் காலி. எங்களிடம் வந்தபோது அக்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டார். துண்டு போட்ட ஒருவர், "அந்த அம்மா வெச்சினு இருக்கிறது காசித் தீர்த்தம்பா, கேக்காத" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஊற்றிய தண்ணீர் போதவில்லை. கண்டக்டர் தகர டின்னை எடுத்துக்கொண்டு நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைப் பக்கம் கிணறு தேடிப் போனார்.

அவர் போன பிறகுதான் அந்தக் குழந்தைக்கு முடியாமல் போனது. பின் சீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி, செஞ்சிக்குப் பக்கத்தில் சிங்கவரத்தில் இருக்கிற தாய் வீட்டுக்குப் போகிறவள், கைக்குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தை வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தது. இப்போது தலை தொங்கிவிட்டது. உதடு வெடித்துக் கிடந்தது. வெக்கை தாங்காமல் இறங்கிப் புளிய மரத்தடியில் உட்கார்ந்திருந்த எங்களிடம் ஓடி வந்தாள்.

"யக்கா, ஒரு வாய் தண்ணி குடுக்கா. புள்ள கண்ணு சொருவுது."

அக்கா எழுந்து நின்றார். "இதுல விஷ மருந்து இருக்குதும்மா. குடிக்கிற தண்ணி இல்ல" என்றார். யார் நம்புவார்கள்? "வெசத்த எவனாவது மடியில வெச்சினு வருவானா?" என்று ஒருவர் கேட்டார். "நீங்களும் பொம்பளைங்கதானே, இன்னா மனசும்மா உங்குளுது?" என்று ஒரு பெரியம்மா என் முகத்துக்கு நேராகக் கேட்டார். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டது.

வேறு வழியில்லாமல் அக்கா மூடியைத் திறந்து காட்டினார். திறந்தால் சூடு ஏறிப் படிகம் கெட்டுவிடும் என்று இருவருக்கும் தெரியும். உள்ளே குப்பிகள் அசையாமல் நின்றன. ஒன்றும் உடையவில்லை, மெழுகும் அப்படியே இருந்தது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

"மருந்து குப்பிக்குள்ளதானே இருக்குது. வெளிய இருக்கிற தண்ணியக் குடுங்களேன்" என்றார் துண்டு போட்டவர். நியாயமான பேச்சுதான். எனக்கும் அப்படியே தோன்றியது. "எல்லாம் சரியா இருக்கு அக்கா. நான் பாத்துட்டேன். ஒரு மூடி குடுத்துடலாம்" என்று பிளாஸ்க்கைப் பிடித்தேன்.

அக்கா குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையை விலக்கினார்.

"உனக்குச் சரி. எனக்குச் சந்தேகமா இருக்கு."

லேபில் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் அவரை அறையலாம் போல இருந்தது. ஒருவர் பிளாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தார். அக்கா அதை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்துவிட்டார். குழந்தையின் தாய் ரோட்டோரத்து மண்ணை ஒரு கை வாரி எங்கள்மேல் வீசினாள். "நீங்க நல்லா இருக்க மாட்டீங்க. உங்குளுக்கு ஒரு புள்ள பொறந்து, அதுவும் இப்பிடி நாவறண்டு கெடக்கும்" என்றாள். அக்காவின் தலையிலும் புடவையிலும் மண். அவர் தட்டிவிடக்கூட இல்லை.

நல்லவேளை, கண்டக்டர் டின்னோடு வந்து சேர்ந்தார். கலங்கல் கிணற்றுத் தண்ணீர். தாய் அதை முந்தானையில் வடிகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். குழந்தை குடித்தது, கக்கியது, மறுபடி குடித்தது. பிறகு வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்தப் பக்கம் வந்த ஒரு கட்டை வண்டியில் தாயையும் பிள்ளையையும் சிங்கவரத்துக்கு ஏற்றி அனுப்பினார்கள். பஸ்ஸும் கிளம்பியது. அவ்வளவு கூட்டத்திலும் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அதற்கு மேல் அந்த பஸ்ஸில் உட்கார முடியாமல் செஞ்சியில் இறங்கிவிட்டோம். பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். நான் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் எழுந்து போய், வெளியே கிடந்த ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து வந்தார். பிளாஸ்க் தண்ணீரை அதில் கொஞ்சம் ஊற்றினார். பர்ஸில் கிடந்த பழைய செப்புக் காசு ஒன்றைக் கல்லில் பளபளவென்று தேய்த்து உள்ளே போட்டார். தண்ணீரில் பாதரச உப்பு இருந்தால் செம்பு வெள்ளையாகும். எங்கள் லேபில் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. ரோட்டில் அந்த நெருக்கடியில் இரண்டு பேருக்குமே அது ஞாபகம் வரவில்லை.

டீ வந்தது, ஆறியது. காசு சிவப்பாகவே இருந்தது. "பாத்தீங்களா" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது ஓரத்தில் லேசாக ஒரு வெளுப்பு தெரிந்தது. பிறகு அது பரவியது. கடைசியில் காசு முழுக்க வெள்ளிக்காசு மாதிரி ஆகிவிட்டது.

நான் கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். மூடியில் ஊற்றிக் கொடுக்க நீண்டது என் கை.

ஏதோ ஒரு குப்பியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்திருக்க வேண்டும். "நான்தான் சொன்னேனே" என்று அக்கா சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மண் இன்னும் தலையில் இருந்தது. நான் தட்டிவிட்டேன்.

"சிங்கவரம் போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டு வந்துடலாம் அக்கா" என்றேன். சொல்லாமல் போக எனக்கு மனசு ஆறவில்லை.

"வேணாம். இப்ப அவளுக்கு நம்ம மேல கோவம் மட்டும்தான். இதச் சொன்னா, இனிமே யார் கையால தண்ணி வாங்கினாலும் புள்ளைக்குக் குடுக்கப் பயப்படுவா. கோவமாவே இருக்கட்டும்."

படிகங்கள் எல்லாம் கெட்டுவிட்டன. பெங்களூர் போகவில்லை. அந்தத் தண்ணீரை ஊரில் எங்கே கொட்டுவது? மறுபடி மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்கே திரும்பினோம். "சரி, மறுபடி வளருங்கள்" என்றார் பேராசிரியர். வளர்த்தோம். மறுபடி புள்ளி, மறுபடி பிலிம், மறுபடி அக்காவின் சந்தேகம். எரிச்சல் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வரும். பேசாமல் பிலிமை எடுத்து இன்னொரு தரம் பார்ப்பேன்.

அந்தக் குழந்தை வளர்ந்து பெரிய ஆளாகியிருக்கும். நாவறண்டு கிடந்த பிள்ளைக்கு ஒரு வாய் தண்ணீர் தராத பட்டணத்துப் பாவிகள் இரண்டு பேரின் கதையைத் தாய் சொல்லக் கேட்டு, அதுவும் எங்களைத் திட்டியிருக்கும். திட்டட்டும், திட்டுவதற்கு அது உயிரோடு இருக்கிறதே, அது போதும் எனக்கு.