மூழ்கியவர்களைத் தேடிய முக்குளிப்பான்

துறைமுகத்தில் அவரை எல்லோரும் முக்குளிப்பான் என்றே கூப்பிட்டார்கள். தண்ணீரில் முங்கி, நாம் எதிர்பாராத இடத்தில் தலைகாட்டும் அந்தச் சின்னப் பறவையின் பெயர் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. தொழிலிலும் அவர் அப்படித்தான். அடியில் கண்ணாடி பதித்த படகில் மீன் காட்டுவதாகச் சொல்லி ஆட்களை ஏற்றினார். இரண்டாவது சவாரியிலேயே கண்ணாடி கசிய, பயணிகள் மீனை விட்டுவிட்டு நனைந்த செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீருக்குள் கல்யாணப் படம் எடுத்துத் தருவதாக விளம்பரம் கொடுத்தார். தேடி வந்த ஒரே மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியாது.

"அடுத்து என்ன, கடலுக்குள்ள பஸ் விடப்போறீங்களா?" என்று மனைவி கேட்டார். அதையும் அவர் கொஞ்ச நேரம் யோசித்ததாகச் சொல்வார்கள்.

கடைசியில் கைகொடுத்தது மூழ்கிய படகுகளைத் தூக்கும் தொழில். பழைய கிடங்கு ஒன்றைப் பிடித்து இரும்புக் கயிறு, கம்ப்ரசர், தண்ணீருக்குள் காற்றடைத்துப் படகை எழுப்பும் ரப்பர் பைகள் எல்லாம் சேர்த்தார். அவர் முங்குவார், மேலே மனைவி காற்றுக் குழாயைப் பிடித்தபடி நிற்பார். மற்றவர்கள் துணியாத ஆழத்துக்கெல்லாம் இறங்கினார். இடது காது கேட்காமல் போனது. ஆனால் தொழில் நிலைத்தது. மகள் படித்து முடித்து நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அவருக்கு ஐம்பத்தேழு வயதானபோது அந்த வேலை வந்தது. ஆற்று முகத்துவாரத்தில் ஒரு சரக்குப் படகு கவிழ்ந்திருந்தது. மற்றவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். இன்ஜின் பார்த்தவரை மட்டும் காணவில்லை. தேடியவர்களும் கைவிட்டுத் திரும்பிவிட்டார்கள். கரையில் காணாமல் போனவரின் மனைவி நின்றிருந்தாள்.

"படகைத் தூக்கும்போது அவரையும் பார்ப்பீங்களா?" என்று முக்குளிப்பானிடம் கேட்டாள்.

படகு முதலாளி குறுக்கிட்டார். "அது வேற வேலைம்மா. நீரோட்டம் திரும்பறதுக்குள்ள நீங்க படகைத் தூக்குங்க சார்."

முக்குளிப்பான் இறங்கினார். கலங்கிய நீரில் கைதான் கண். தடவிக்கொண்டே இன்ஜின் அறைக்குப் போனார். கதவு இறுகியிருந்தது. கடப்பாரையால் நெம்பி, இடுக்கு வழியே கையை விட்டபோது ஒரு சட்டைக் கை தட்டுப்பட்டது. பைகளைக் கட்ட வேண்டிய நேரம் முழுவதும் அந்தக் கதவோடு போனது. உடலை மேலே கொண்டுவந்தபோது நீரோட்டம் திரும்பிவிட்டது. படகு சரிந்து ஆழத்துக்குப் போனது. முதலாளி கத்தித் தீர்த்தார். ஒப்பந்தம் போயிற்று.

அந்தப் பெண் கணவனின் சட்டைப் பொத்தான் ஒன்றைப் போட்டுவிட்டாள். பிறகு நிமிர்ந்து, "இனிமே ராத்திரி கதவைத் தாழ் போட்டுக்கலாம்" என்றாள்.

வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தார். இத்தனை வருடமும் படகுகளை மட்டுமே தூக்கியிருக்கிறோம் என்பது அவர் மனதை அரித்தது.

"ஆளைத் தேடிக் கொடுக்கறதுக்குன்னே ஒரு அமைப்பு ஆரம்பிக்கப்போறேன்" என்றார் மனைவியிடம்.

"லாபம் வருமா?"

"வராது."

"அப்ப உங்க மத்த தொழில் மாதிரிதான். ஆரம்பிங்க."

மகள்தான் மல்லுக்கு நின்றாள். "இன்னொரு காதும் போகணுமாப்பா? வேணும்னா ஆட்களுக்குச் சொல்லிக்கொடுங்க. நீங்க இறங்கக்கூடாது." அவர் தலையாட்டினார். முதல் வருடத்திலேயே வாக்கைக் காற்றில் பறக்கவிட்டு ஒரு கல்குவாரிக் குளத்தில் இறங்கினார். மகள் ஒரு வாரம் பேசவில்லை. அதன்பின் அவர் இறங்கவில்லை.

கிடங்கின் பாதி அமைப்புக்குப் போயிற்று. மீனவர்கள் சிலரும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தீயணைப்பு வீரரும் சேர்ந்தார்கள். ஆறு, ஏரி, குவாரி எங்கே ஆள் மூழ்கினாலும் அமைப்பின் வேன் போகும். வீட்டாரிடம் டீ கூட வாங்கிக் குடிக்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். எல்லோரும் கிடைத்துவிடுவதில்லை. "தேடினோம், கிடைக்கலை" என்பதை மட்டும் அவர் வேறு யாரையும் சொல்ல விடமாட்டார். ஒருமுறை ஒரு தகப்பனார் அதைக் கேட்டு அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அந்தக் கை ஓயும்வரை முக்குளிப்பான் அசையாமல் நின்றுவிட்டு, "நாளைக்கும் வருவோம்" என்றார். வந்தார்கள்.

இப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆட்கள் தண்ணீரில் இருக்கும்போது கரையில் வீட்டாரோடு உட்காருவதுதான் அவர் வேலை. கேட்கும் காதைக் கொடுக்க அவர்கள் பக்கம் சாய்ந்தே உட்காருவார். போன மாதம் ஏரிக்கரையில் ஓர் அண்ணன் திடீரென்று "அவன் சரியான கோபக்காரன் சார்" என்று மூழ்கிய தம்பியைப் பற்றிப் பேசத் தொடங்கினான். பள்ளிக்கூடத்தில் போட்ட சண்டை, வாங்கிய பைக், பார்த்து வைத்திருந்த பெண். முக்குளிப்பான் கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரில் குமிழி எழுந்து, ஆட்கள் தம்பியோடு மேலே வந்தபோது அவன் கையைப் பற்றிக்கொண்டார். இருவரும் சேர்ந்து எழுந்து தண்ணீரை நோக்கி நடந்தார்கள்.