கைராசிக்கு அடியில் ஒரு தீக்குச்சி

அலுவலகத்தில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். வீட்டில் சின்னதாகச் செய்து ஓட்டும் மாதிரி ரயில்களுக்கான இதழ் ஒன்றில் இருபத்திரண்டு வருடமாகக் கட்டுரைகளை வெட்டிச் சீராக்குகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? இத்தனை வருடமும் அவள் வெட்டியது பெரும்பாலும் ஒன்றைத்தான்: தோல்வியை. பசை பிடிக்கவில்லை, பெட்டி கவிழ்ந்தது, மூன்று தடவை பிரித்து மாட்டினேன் என்று யாராவது எழுதினால் போதும், முதலாளி சிவப்பு மையால் சுழித்துவிடுவார்.

"வாசகருக்கு அழகு வேணும்மா, அழுகை வேணாம்."

அழகை மட்டும் கொடுத்துக் கொடுத்தே இதழ் தேய்ந்துபோனது. மூன்று பேர் இருந்த அறையில் இப்போது அவள் ஒருத்திதான். "இந்தத் தடவை வாசகர் கடிதம் வரலைன்னா இழுத்து மூடிடுவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். ஐம்பத்தோரு வயதில், படுத்த படுக்கையான கணவனை வைத்துக்கொண்டு, எந்த வாசலில் போய் நிற்பாள்?

கடிதம் வந்தது. ஒன்றிரண்டல்ல, நாற்பத்தாறு. ஆலைக்காரர் ஒருவர் தன் வீட்டு மாடியில் அமைத்திருந்த மலைப்பாதை ரயிலைப் பற்றிய கட்டுரைக்கு வந்தவை. பாராட்டு பெயருக்குத்தான், மற்றதெல்லாம் கேள்வி. அவ்வளவு இறுக்கமான வளைவில் பெட்டி எப்படிக் கவிழாமல் போகிறது? முதலில் எத்தனை தடவை கவிழ்ந்தது? எதை மாற்றினீர்கள்? ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருந்தார்: "படம் நன்றாக இருக்கிறது. எனக்குப் படம் வேண்டாம். நீங்கள் எங்கே தவறினீர்கள் என்று சொல்லுங்கள். நான் ஏழு மாதமாக அங்கேதான் நிற்கிறேன்."

கத்திரி அதை இரண்டு தடவை படித்தாள். இத்தனை வருடம் எதைக் குப்பைக்கூடையில் போட்டாளோ, அதைத்தான் இவர்கள் கேட்கிறார்கள்.

நேரே ஆலைக்காரர் வீட்டுக்குப் போனாள். அவர் சோபாவில் சாய்ந்தபடி நாற்பத்தாறுக்கும் ஒரே பதில் சொன்னார்.

"எல்லாம் கைராசிம்மா. நான் தொட்டா ஓடும். அப்படியே எழுதிக்கோ."

கைராசி! அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். உழைத்தவன் முகத்தை மூடப் போர்த்துகிற துணிக்கு உலகம் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது.

மாடியில் ஒரு தச்சர் தண்டவாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இந்த வளைவு யாரு போட்டது, அண்ணே?" என்று கேட்டாள். அவர் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பதினேழு தடவை கவுந்துச்சும்மா. அட்டை வெச்சுப் பார்த்தேன், ஈரத்துல உப்பிடுச்சு. கடைசியா தீக்குச்சியைப் பாதியாப் பிளந்து வெளிப்பக்கத் தண்டவாளத்துக்கு அடியில கொடுத்தேன். அந்தப் பக்கம் அவ்வளவு உசந்தா போதும், பெட்டி தானா உள்பக்கம் சாஞ்சுக்கும்."

"ஐயாவோட கைராசின்னாரே?"

"அவர் கை சுவிட்சுல மட்டும்தாம்மா பட்டிருக்கு." சிரித்தவர் உடனே சிரிப்பை விழுங்கினார். "ஏம்மா, இதை எழுதினா என் பேரைப் போடுவீங்களா? வேலை முடிஞ்சுது, அடுத்த மாசம் வரவேணாம்னுட்டாங்க. செஞ்சது நான்னு ஒரு வரி அச்சுல இருந்தா நாலு பேர் கூப்பிடுவாங்க."

"கண்டிப்பா போடுறேண்ணே."

வாசகர் கேள்வியும் தச்சரின் பதிலுமாக அவள் எழுதிய இரண்டு பக்கத்தைப் பார்த்து முதலாளி துள்ளினார். "பதினேழு தடவையா! பிரமாதம்! இதைத்தாம்மா எல்லாரும் கேக்குறாங்க." கடைசி வரியில் அவர் பேனா நின்றது. "தச்சன் பேர் எதுக்கு? ஆலைக்காரர் சொன்னதாவே வரட்டும்."

"அவருக்கு ஒண்ணுமே தெரியாது சார்."

"தெரியணும்னு யார் கேட்டா? நாளைக்கு அவர் மூஞ்சியில நான் முழிக்கணும்."

"ஓரத்துல, சின்ன எழுத்துல..."

"ஓரத்துலயும் கிடையாது. பேரை வெட்டு. வெட்டுறது உனக்கென்ன புதுசா?"

மேசைக்குத் திரும்பிப் பக்கங்களை எதிரில் விரித்து வைத்தாள். ஒரு பெயரை வெட்டினால் இதழ் பிழைக்கும். அவளும் பிழைப்பாள். ஒரு மனிதனின் பதினேழு தோல்வியும் சோபாவில் சாய்ந்திருப்பவருக்குப் போய்ச் சேரும். மூன்று மணிக்குப் பக்கங்கள் கீழே அச்சகத்துக்குப் போக வேண்டும். இரண்டே முக்காலுக்கு அவள் வெட்டினாள். பெயரோடு பதில்களையும் வெட்டினாள். கேள்விகள் மட்டும் நின்றன. அவற்றின் கீழே வெள்ளை. அடியில் ஒரு வரி: "பதில் தெரிந்தவர் இருக்கிறார். அவர் பெயரைப் போட எங்களுக்கு அனுமதி இல்லை."

அச்சு இயந்திரக்காரர் பக்கத்தைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, பொக்கை வாயாட்டம்?"

"அப்படியே ஓட்டுங்கண்ணே."

"முதலாளி என்னைப் பிச்சுடுவாரே!"

"நான்தான் செஞ்சேன்னு சொல்லுங்க. இதுலயாவது செஞ்சவ பேர் வரட்டும்."

இயந்திரம் ஓடத் தொடங்கியது. இன்று சாயங்காலத்துக்குள் வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். கணவனிடம் என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. படிக்கட்டின் கடைசிப் படியில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். நாற்பத்தாறு கடிதங்கள், நாற்பத்தாறு முகவரிகள். ஆசிரியையின் கடிதத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வெள்ளைத்தாளில், அவருக்கு அனுப்பும் பதிலின் முதல் வரியாகத் தச்சரின் பெயரை எழுதினாள். மடியில் வைத்து எழுதியதில் எழுத்து கோணியது. அடித்துவிட்டு, புரியும்படி மறுபடியும் எழுதினாள்.