கோழிக்குப் புரட்டாசி கிடையாது

பாப்பாரப்பட்டிப் பக்கம் புரட்டாசி பிறந்தால் மனிதர்கள் கவிச்சியை விட்டுவிடுவார்கள். கோழிகள் முட்டையிடுவதை விடாது. இந்தத் தகராறில் வருஷா வருஷம் மாட்டிக்கொள்பவள் அம்பிகா. மற்ற மாதமெல்லாம் முட்டையில்லாத தட்டில் கை வைக்காத அவள் புருஷன் பச்சியப்பன், புரட்டாசியில் பெருமாளுக்கே பக்தி சொல்லித்தருவான். வீட்டில் ஃபிரிட்ஜ் இருந்தது. அதற்கும் விரதம்.

"சாமிப் பாலு வெக்கற எடத்துல முட்டையா? வாங்கவும் ஆளில்ல, திங்கவும் ஆளில்ல. கோழிங்கள சந்தையில தள்ளிடறேன்."

"ஐப்பசி வரைக்கும் கெடாம வெச்சுக் காட்டறேங்க. ஒண்ணு கெட்டாலும் தள்ளிடுங்க."

அந்த வீட்டில் அவள் பேச்சைக் கேட்கிற ஜீவன்கள் கோழிகள் மட்டும்தான். விட மனசில்லை. மாட்டுக்கொட்டகையின் நிழல் மூலையில் ஒரு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்டாள். விரிசல் இல்லாத முட்டைகளாகப் பார்த்து, கழுவாமல் ஒவ்வொன்றாக முக்கி வைத்தாள். ஓட்டின் துளைகளைச் சுண்ணாம்பு அடைத்துவிடும், மாதக்கணக்கில் தாங்கும். நடுவில் ஒன்றை உடைத்தும் பார்த்தாள். மஞ்சள்கரு கலங்காமல் நின்றது. நாய்க்கு விரதமில்லாததால் அது வீணாகவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை அவள் மாவிளக்குக்கு மாவு அரைக்கப் போயிருந்தாள். பச்சியப்பனுக்குத் துளசி மாடத்துக்கு வெள்ளையடிக்கத் தோன்றியது. முட்டைகளை அவள் எங்கே வைத்தாள் என்று அவன் கேட்டதில்லை. கொட்டகையில் சுண்ணாம்பு வாளி தயாராக இருந்தது. அடியில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். சரியாக நீறவில்லை போலும் என்று உலக்கையை எடுத்துக் குழையக் குழைய இடித்தான். லேசாக மஞ்சள் ஓடியது. மங்களம்தானே என்று அடித்துவிட்டான்.

அம்பிகா திரும்பி வரும்போது மாடம் பளிங்காக மின்னியது. பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் அதைச் சுற்றிவந்து கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னாண்ணா கலந்த? எங்க வூட்ல அடிச்சா கையோட வருது."

"மனசு சுத்தமா அடிக்கணும் தங்கச்சி."

அம்பிகா கொட்டகைக்கு ஓடினாள். வாளியில் ஓட்டுத்தூள்தான் மிச்சம். அழுவதா, உலக்கையை எடுப்பதா என்று தெரியாமல் புருஷனை உள்ளே கூப்பிட்டாள்.

"முட்டை கெடலீங்க."

"எங்க, காட்டு."

"வெளிய குள்ளம்மாக்கா எதச் சுத்திட்டிருக்குதுன்னு பாருங்க. அதுலதான் இருக்குது."

பச்சியப்பன் தன் கையை முகர்ந்து பார்த்தான். முகம் மாடத்தைவிட வெளுத்தது.

"யாருகிட்டயும் சொல்லிடாத."

"கோழி?"

"உன் கோழிய எவன் விக்கறான். ஆனா இனிமே வூட்டுப் பக்கம் சுண்ணாம்பே வரக்கூடாது."

கூடைக்குள் ஒன்று கொக்கரித்தது. அம்பிகா போய் முட்டையை எடுத்தாள்.

"அப்ப இத எங்க வெக்கறதுங்க?"

மாடத்தைக் கும்பிடலாமா கூடாதா என்ற கவலையில் இருந்தவன் காதில் அது விழவில்லை. சூடாறாத முட்டையோடு அம்பிகா நின்றாள். கூடையில் இன்னொன்று கொக்கரித்தது.