ஜிப்பை இறக்கும் ஞாயிறு

இல்லை, காது மட்டும்தான் என்னுடையது. மூக்கு அவள் அப்பாவுடையது, அதற்கு நான் பொறுப்பில்லை. யாரும் கேட்கவில்லைதான். பேத்தி பிறந்து மூன்று வாரமாகிறது, நான் ஓட்டும் பஸ்ஸில் ஏறுகிறவர்களிடம்கூட இதைத்தான் சொல்கிறேன். ஆனால் இப்போது சொல்ல வந்தது அவளைப் பற்றியல்ல, அவளுடைய சித்தியைப் பற்றி. என் சின்ன மகள் அமாயா.

மிசிசிப்பியில் எங்கள் ஊரில் குழாயைத் திறந்தால் சில நாள் பழுப்புத் தண்ணீர் வரும், சில நாள் வெறும் காற்று வரும். பெரியவள் ஷோனிஸ் குழாயைத் திட்டுவாள். சின்னவள் அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து ஜன்னலில் வைப்பாள். அடியில் என்ன தங்குகிறது என்று பார்ப்பாள். வளர்ந்தும் அந்தப் புத்தி மாறவில்லை. தண்ணீர் சம்பந்தமான இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்றாள். இரண்டு இடத்தில் சீட்டு கிடைத்தது. ஒன்று, என் மனைவி வெர்லின் படித்த ஹார்மன் கல்லூரி. நம் கறுப்பு ஜனங்கள் நமக்காகவே கட்டியது. இன்னொன்று, வடக்கே இருக்கும் பெரிய பல்கலைக்கழகம். இரண்டுமே உதவித்தொகையும் தந்துவிட்டன. அதனால் யாருக்கும் சாக்குச் சொல்ல வழியில்லை.

எங்கள் சர்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மே மாதம் முதல் ஞாயிறன்று, பள்ளி முடிக்கும் பிள்ளைகள் பாடகர் அங்கி போட்டுக்கொண்டு முன்னால் நிற்பார்கள். பெயர் கூப்பிட்டதும் அங்கியின் ஜிப்பை இறக்க வேண்டும். உள்ளே எந்தக் கல்லூரியின் பனியன் இருக்கிறதோ அங்கேதான் போகிறார்கள் என்று அர்த்தம். அதுவரை பெற்றவர்களிடம்கூடச் சொல்லக் கூடாது.

வெர்லினுக்கு அதுவரை பொறுமை இல்லை. அந்த வாரம் செவ்வாய்க்கிழமையே கேக்குக்குச் சாமான் வாங்கி வந்துவிட்டாள்.

"க்ரீம் ஏன் பச்சை?" என்று கேட்டேன்.

"கடையில அதுதான் இருந்துச்சு."

"வெர்லின்."

"சரிங்க, ஹார்மன் கலர்தான். எங்கம்மா படிச்ச காலேஜ். நான் பேண்டுல க்ளாரினெட் வாசிச்ச காலேஜ். வேற எங்க போவா?"

"அங்க நீ கத்துக்கிட்டது க்ளாரினெட் மட்டும்தான். பெரிய காலேஜ் பேரச் சொன்னா எவனும் வேலை குடுப்பான்."

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மேஜையில் வந்து விழும் சத்தம் மட்டும் கேட்டது. அமாயா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள்.

எனக்கு ஹார்மன் பிடிக்காமல் போனதற்குக் காரணம் உண்டு. மார்ச்சில் அங்கே போயிருந்தோம். ஆய்வுக்கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பம்பு, அதுவும் பழசு. பேராசிரியை ஒருத்தி அமாயா கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கிவிட்டு ஸ்பேனரைக் கொடுத்தாள். "கழட்டு" என்றாள். கழற்றினாள். "இப்ப மாட்டு" என்றாள். மாட்டினாள். "தப்பு. மறுபடியும்." மூன்று தடவை, அத்தனை பிள்ளைகள் முன்னால். அந்தப் பிள்ளைகள் வேறு சிரித்தார்கள். பார்க்க வந்த பெண்ணை இப்படியா விரட்டுவது என்று எனக்குக் கோபம்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவளைப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே எல்லாம் கண்ணாடி, எல்லாம் புதுசு. பெற்றவர்களுக்குக் காபி கொடுத்துப் பின்வரிசையில் உட்காரவைத்தார்கள். பிள்ளைகளைக் குழுவாகச் சேர்ந்து மணல் வடிகட்டி செய்யச் சொன்னார்கள். சட்டென்று எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒரே கறுப்புப் பிள்ளையான என் மகள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒரு குழுவில் போய் உட்கார்ந்தாள். ஒரு பையன் சிரித்த முகமாக அவளிடம் பேனாவை நீட்டினான்: "நீ எழுதிக்கிறியா?" அவள் எழுதினாள். நடுவில் ஏதோ சொன்னாள். தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். தண்ணீர் கலங்கலாகவே வந்தது. பிறகு இன்னொரு பையன் ஏதோ சொன்னான், எல்லாரும் சரி சரி என்று மணலைக் கொட்டிவிட்டு மறுபடி அடுக்கினார்கள். தண்ணீர் தெளிந்தது, கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பி வரும்போது காரில் சொன்னேன்: "எவ்வளவு மரியாதையான பசங்க! ஹார்மன்ல அந்தம்மா உன்ன என்ன பாடு படுத்துச்சு? இங்க யாராவது குரல உசத்துனாங்களா?"

"இல்லப்பா. மணல் தலைகீழா இருக்குன்னு நான்தான் முதல்ல சொன்னேன். அதுக்குக்கூட யாரும் எதுவும் சொல்லல."

அதையும் நான் நல்லதாகவே எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சமையலறையில் ஷோனிஸ் தங்கைக்குச் சடை பின்னினாள். பேத்தி என் மடியில். வெர்லின் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள், காது மட்டும் எங்கள் பக்கம்.

"தலை என் கையில இருக்குடி. எந்த பனியன்னு சொல்லிடு," என்றாள் ஷோனிஸ்.

"இழு. அழறேன். சொல்ல மாட்டேன்."

"கொழுப்பப் பாரு."

கொஞ்ச நேரம் கழித்து அமாயாவே கேட்டாள்: "அக்கா, ஒருத்தர் 'பழகிடும்'னு சொன்னா, எது பழகிடும்?"

ஷோனிஸின் கை நின்றது. "யாரு சொன்னா?"

"நேத்து அங்க கடைசி வருஷம் படிக்கிற நம்ம பொண்ணு ஒருத்தி. இங்க எப்படி இருக்குன்னு கேட்டேன். பழகிடும்னு சிரிச்சா. அப்புறம் வேற பேச்சு பேசிட்டா."

ஷோனிஸ் ஒரு பெரிய அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அந்த மாடியில் நம் ஆட்கள் வேறு யாரும் இல்லை. எண்ணெயைத் தொட்டு அடுத்த வகிடு எடுத்தாள்.

"பழகும்டி. ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்தா வாயத் திறக்கக்கூட தெம்பு இருக்காது."

வெர்லின் கரண்டியைக் கீழே வைத்தாள். வெள்ளிக்கிழமை நான் கை தட்டியது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அடுப்பில் பச்சை க்ரீம் போட வேண்டிய கேக் வெந்துகொண்டிருந்தது. நாளைக்கு அமாயா வேறு நிறத்தில் நின்றால் வெர்லின் உடைந்துபோவாள். பச்சையில் நின்றால், அம்மாவுக்குப் பயந்து படிப்பைக் கெடுத்துக்கொண்டாளே என்று நான் காலமெல்லாம் நினைப்பேன்.

ஞாயிறு காலை சபை நிரம்பியிருந்தது. பாஸ்டர் பெயர் பெயராகக் கூப்பிட்டார். ஒவ்வொரு ஜிப்பும் இறங்க, கூச்சலும் கைதட்டலும். "அமாயா!" என்றார். வெர்லின் என் முழங்கையைப் பிடித்தாள், நகம் பதிந்தது. அமாயா ஜிப்பைத் தொட்டாள், எங்களைப் பார்த்தாள், இறக்கினாள்.

பச்சை.

வெர்லின் போட்ட சத்தத்தில் பேத்தி விழித்து அலறினாள். சபையே எழுந்து ஆடியது. நான் மட்டும் குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற சாக்கில் உட்கார்ந்தே இருந்தேன். அமாயா இறங்கி நேராக என்னிடம் வந்து குனிந்தாள்.

"அம்மாவுக்காகவா?" என்று மட்டும் கேட்டேன்.

"இல்லப்பா. கத்துக்கணும்னா நாலு வருஷம் நான் நிறைய தப்பு பண்ணியாகணும். அங்க பண்ணா அது நம்ம ஜனங்க எல்லாரோட தப்பா ஆயிடும். ஹார்மன்ல பண்ணா என் தப்பு மட்டும்தான்."